தள்ளாட்டத்துக்கு முன்பே எழும் அழற்சி

ஸ்பைனோசெரிபெல்லார் அட்டாக்சியா வகை 1 தலைமுறை தலைமுறையாக இறங்கும் நரம்புச் சிதைவு நோய். அட்டாக்சின்-1 மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் அளவுமீறி நீள்வதே காரணம். இந்தக் காரணம் 1993இல் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு; சொந்தத்தில் பெண் எடுத்ததால் வருவதல்ல. தமிழ்ச் சமூகம் ஒன்றில் இந்நோய் மிகுதியாக இருப்பதை 2005இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் வந்த ஆய்வு காட்டியது.

பெரும்பாலும் 30, 40 வயதுகளில் கால்களை அகட்டி நடக்கத் தொடங்குவர், திரும்பும்போது கால் பின்னும், நாக்குக் குழறும். ஒரகடத்துக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் குன்றத்தூர்க்காரர் ஒருவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இப்படித் தடுமாறி இறங்கினால், காலையிலேயே குடித்துவிட்டார் என்றுதான் ஊர் சொல்லும். நோயோடு இந்தப் பழியையும் சுமக்க வைப்பது பெரும் அநியாயம்.

கெடுவது சிறுமூளையின் பர்க்கின்ஜி செல்கள். ஆனால் அவை மடிவதற்கு முன்பே அங்கே அழற்சி தொடங்கிவிடுவதை 2015இல் எலி ஆய்வு ஒன்று காட்டியது. மூளையின் காவல் செல்லான மைக்ரோகிளியா, சாதாரண நாளில் மெல்லிய கிளைகளை நீட்டிச் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டிருக்கும். உசுப்பப்பட்டதும் உடல் பருத்து, கிளைகள் தடித்து, அழற்சிப் புரதங்களைச் சுரக்கும். காயத்தில் காணும் சிவப்போ வலியோ இதில் கிடையாது.

விந்தை இனிமேல்தான். நோயின் தொடக்கத்திலேயே மைக்ரோகிளியாவின் எண்ணிக்கையைக் குறைத்தபோது எலிகளின் நடை தேறியது. பக்கத்திலேயே இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களின் அழற்சியை அதே தொடக்கக் கட்டத்தில் அடக்கியபோதோ நடை இன்னும் மோசமானது. பிந்திய கட்டத்தில் அடக்கியபோது தேறியது. ஆக, ஆஸ்ட்ரோசைட்டின் அழற்சி முதலில் காவலாக இருந்து பிறகு கேடாக மாறுகிறது. எந்தச் செல், எந்தக் கட்டம் என்று பார்க்காமல் அழற்சி என்றாலே அடக்கிவிடுவது தவறு. மெடிக்கலில் சீட்டில்லாமல் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் வாங்கி விழுங்கும் நம் பழக்கம் இங்கே உதவாது, உடம்பைத்தான் கெடுக்கும்.

இந்நோயை நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. பிசியோதெரபி சமநிலையைக் காக்க உதவும். நோயை ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்யலாம். அறிகுறி இல்லாத குடும்பத்தார், மரபணு ஆலோசனை பெற்ற பிறகே பரிசோதனைக்கு வர வேண்டும். 18 வயது நிரம்பாத, அறிகுறியற்ற பிள்ளைகளுக்கு அதைச் செய்வதில்லை.