லோடு வண்டிக்கு மேனிபோல்டு பேக்கிங் வாங்கும்போது

வணிகர் இதழில் வண்டிப் பாகத்தைப் பற்றி எழுதுகிறார்களே என்று உறுப்பினர்கள் சிலர் நினைக்கலாம். நம்மில் பலருக்குக் கடைக்கு அடுத்த பெரிய முதலீடு லோடு வண்டிதான். விடியற்காலை 3 மணிக்கு மொத்த மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய வண்டி நின்றுவிட்டால் அன்றைய வியாபாரமும் நின்றுவிடும்.

இன்ஜின் ஹெட்டிலிருந்து வரும் புகையைத் திரட்டிச் சைலன்சர் குழாய்க்கு அனுப்புவது மேனிபோல்டு. ஹெட்டுக்கும் இதற்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகட்டைத்தான் பட்டறையில் பேக்கிங் என்கிறார்கள். பில்லில் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு கேஸ்கட் என்றிருக்கும். பெட்ரோல் வண்டியில் இதைத் தொட்டுச் செல்லும் புகை 800 டிகிரி செல்சியஸ் வரை கூடப் போகும். சூட்டில் மேனிபோல்டு விரியும், ஆறினால் சுருங்கும். கடைகடையாக நிறுத்தி எடுக்கும் நம் வண்டிகளில் இது ஓயாமல் நடக்கிறது. நாளடைவில் பேக்கிங் விட்டுப்போகிறது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டு, இன்ஜின் சூடானதும் குறைந்தால் சந்தேகப்படுங்கள். இணைப்பின் ஓரத்தில் கரி படிந்திருந்தால் பெரும்பாலும் அதுதான். சத்தம்தானே என்று விட்டுவிடுவது நம் வழக்கம். ஆனால் சிறு சரக்கு வண்டிகள் பலவற்றில் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழேயே இன்ஜின் இருக்கிறது. கசியும் புகை கேபினுக்குள் வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பெட்ரோல், கேஸ் வண்டிகளில் இது டீசலைவிட அதிகம். டிரைவர் தலைவலி, மயக்கம் என்றால் தூக்கமில்லாததால் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். மழை நாளில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுச் சரக்குக்குக் காத்திருக்கும் பையனுக்கு அது உயிர் போகும் விஷயம்.

இனி வாங்கும் விஷயம். வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று இன்ஜின்கள் வந்திருக்கின்றன. ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் காட்டுங்கள், பழைய பேக்கிங்கையும் கையோடு கொண்டுபோங்கள். புதியதை ஹெட்டில் வைத்துப் பார்த்தால் அதன் துளை புகை வாயைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம்தான் முதலில் எரியும். துளை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் குற்றமில்லை.

எஃகுத் தகட்டின் இருபுறமும் கிராபைட் பூசியது ஒரு வகை. முகப்பில் சிறு மேடுபள்ளம் இருந்தாலும் இது ஓரளவு அடைத்துக்கொள்ளும். பல அடுக்கு எஃகுத் தகடு இன்னொரு வகை. நீண்ட நாள் உழைக்கும், ஆனால் முகப்பு சமமாக இருந்தாக வேண்டும். கம்பெனி எதைப் போட்டதோ அதையே போடுவது உத்தமம். ஆஸ்பெஸ்டாஸ் பேக்கிங்கை யார் கொடுத்தாலும் வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

எங்கள் கடை வண்டிக்கு ஒருமுறை மலிவாகக் கிடைத்ததே என்று பெயர் தெரியாத பேக்கிங்கைப் போட்டோம். மூன்றாவது வாரமே பழைய சத்தம் வந்துவிட்டது. கழற்றும்போது துருப்பிடித்த ஸ்டட் ஒன்று ஹெட்டுக்குள்ளேயே ஒடிந்தது. அதை எடுக்கக் கொடுத்த லேத் கூலியில் நல்ல பேக்கிங் நான்கு வாங்கியிருக்கலாம். சரக்கில் கலப்படத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கும் நாமே இதில் ஏமாந்தோம்.

பொருள் நன்றாக இருந்தாலும் மாட்டும் விதம் தவறினால் வீண். கழற்றுவதற்கு முன்தினமே ஸ்டட்டுகளில் துரு நீக்கும் எண்ணெய் விடச் சொல்லுங்கள். பழைய கரியைச் சுரண்டியபின் மேனிபோல்டின் முகப்பில் நேர்ப்பட்டை வைத்துப் பார்க்கட்டும். கோணியிருந்தால் லேத்தில் மட்டம் செய்யாமல் புதிய பேக்கிங் போட்டுப் பயனில்லை. நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரென்ச் கொண்டு முறுக்க வேண்டும். ஒருமுறை கழற்றிய பேக்கிங்கைப் பசை தடவித் திரும்ப மாட்டுவதற்குச் சம்மதிக்காதீர்கள்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 பெட்ரோல் வண்டிகளில் புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் உண்டு. அதற்கு முன்னால் கசிவிருந்தால் வெளிக்காற்று புகுந்து, சென்சார் தவறாகக் கணக்கிட்டு, எரிபொருள் கூடுதலாகச் செலவாகலாம். மெக்கானிக் சென்சாரை மாற்றச் சொன்னால் முதலில் பேக்கிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேக்கிங்கைக் கடைப் பெயரில் ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்குங்கள். கடைத் தொழிலுக்கு ஓடும் சரக்கு வண்டியின் உதிரிபாகத்துக்குக் கட்டிய வரியை வரவு எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.