கிண்ணம் கடையும் சுரண்டுளி: தேர்வும் தீட்டலும்

பால்வெட்டுத் தொழிலில் பழகியவர்களுக்குக் கூர்மையின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாது, பிய்க்கும். கை அழுத்தம் கூடும். கத்தி ஆழமாக இறங்கும். மரத்தில் காயம் விழும். காயம் ஆறிய இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னர் வெட்டுவதற்கு உதவாமற் போகும். அதே மரம் முதிர்ந்து வீழ்த்தப்பட்டபின், அதன் கட்டையைக் கடைந்து கிண்ணம் செய்யும் கைத்தொழிலுக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பால்வெட்டில் மழுங்கிய கத்தி மரத்தைக் காயப்படுத்தும். கடைசலில் மழுங்கிய உளி மனிதனையே காயப்படுத்தக்கூடும்.

விறகாக எரிந்த மரம்

ரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரை பயன் தந்தபின் மறுநடவுக்காக வெட்டப்படுகிறது. ஒரு காலத்தில் அக்கட்டை விறகாகவும் கரியாகவும் எரிந்து போயிற்று. வெட்டிய சில நாள்களுக்குள் பூஞ்சை பிடித்து நீலம் பாய்வதும், மாவுச்சத்தை நாடி வண்டு துளைப்பதும் அதற்குக் காரணங்களாகும். கட்டையை உடனுக்குடன் அறுத்து, போரான் மருந்தேற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவியதும் நிலைமை மாறியது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து ரப்பர் மரம் தளவாடத் தொழிலின் மூலப்பொருளாக உயர்ந்தது. ஜொகூர் மாநிலத்தின் மூவார் வட்டாரம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது.

இம்மரம் வெளிர்மஞ்சள் நிறமுடையது, கடைசலுக்கு ஏற்றது. ஆயினும் ஒரு குறை உண்டு. சில பகுதிகளில், சிறப்பாகச் சாய்ந்து வளர்ந்த மரங்களில், நார்கள் எளிதில் அறுபடாமல் பஞ்சுபோல் எழும்பி நிற்கும். எவ்வளவு நேரம் மணற்றாள் தேய்த்தாலும் அப்பஞ்சு அடங்குவதில்லை. அதை அடக்கவல்லது நன்கு தீட்டிய உளி ஒன்றே.

பிசிறே வெட்டுகிறது

கிண்ணத்தின் உருவத்தைக் குடைவுளியால் கொணர்கிறோம். குடைவுளி விட்டுச் சென்ற மேடு பள்ளங்களை நீக்கி மட்டப்படுத்துவதற்கே சுரண்டுளி பயன்படுகிறது. ‘ஸ்கிரேப்பர்’ என்று கடைகளில் கேட்டு வாங்குவதும் இதைத்தான். தட்டையான தடித்த எஃகுப் பட்டையின் நுனியைச் சாணை பிடித்தால் இவ்வுளி கிடைத்துவிடும்.

பெயரைக் கொண்டு, இது மரத்தை வெறுமனே சுரண்டுகிறது என எண்ணிவிடலாகாது. சாணை பிடிக்கும்போது உளியின் மேல்விளிம்பில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய பிசிறு எழுகிறது. கொக்கிபோல் வளைந்து நிற்கும் அப்பிசிறுதான் மரத்தை வெட்டுகிறது. பிசிறு உள்ளபோது மெல்லிய சுருள்கள் பறக்கும். தேய்ந்தபோது தூள் மட்டுமே கொட்டும். தூள் கொட்டத் தொடங்கினால் உளியை அழுத்தாதீர்கள். சாணைக்குக் கொண்டு செல்லுங்கள். பிசிறு சில நிமிடங்களே நிலைக்கும் என்பதால் அடிக்கடி தீட்டுவது குற்றமன்று, அதுவே முறை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் வடிவம். கிண்ணத்தின் உட்புறத்திற்கு நுனி வட்டமாகவோ இடப்பக்கம் வளைந்து சரிந்தோ இருக்க வேண்டும். உளியின் வளைவு கிண்ணத்தின் வளைவைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது நலம். அப்போதுதான் விளிம்பின் சிறு பகுதி மட்டும் மரத்தைத் தொடும். இரண்டு வளைவுகளும் ஒன்றாக அமைந்துவிட்டால் விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் கவ்வி, உளியைக் கையிலிருந்து பறித்துவிடும்.

இரண்டாவது தடிப்பு. உளிதாங்கியிலிருந்து உளி எவ்வளவு தூரம் நீண்டு செல்கிறதோ அவ்வளவுக்கு அதிர்வு மிகும். ஆழமற்ற சிறு கிண்ணத்திற்கு 6 மில்லிமீட்டர் தடிப்புப் போதும். ஆழமான கிண்ணத்திற்கு 10 மில்லிமீட்டர் தேவை. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமுனை உளி ஒன்றே பழகுவோருக்குப் போதுமானது.

மூன்றாவது எஃகு. ‘ஹைஸ்பீட்’ எஃகில் பிசிறு நெடுநேரம் நிற்கும். சாணையில் சூடேறினாலும் பதம் கெடாது. சூடேறிய ஹைஸ்பீட் உளியைத் தண்ணீரில் தோய்த்தல் கூடாது. நுண்ணிய வெடிப்புகள் தோன்றலாம். சாதாரணக் கரிம எஃகு விலை மலிவு. ஆனால் நுனி நீலம் பாய்ந்தால் அவ்விடம் பதம் இழந்துவிட்டது என்று பொருள். ஆகவே கரிம எஃகை அவ்வப்போது நீரில் தோய்த்துக் குளிரச் செய்தே தீட்ட வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய அரத்தைத் தேய்த்து உளியாக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அரம் கடினமானது, ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்புடையது. சுழலும் மரத்தில் அது மாட்டிக்கொண்டால் ஒடிந்து முகத்தில் பாயும். தேய்ந்த பால்வெட்டுக் கத்தியும் இதற்கு ஏற்றதன்று. சில வெள்ளியை மிச்சப்படுத்தப் போய்க் கண்ணை இழப்பது அறிவுடைமையாகாது.

தீட்டும் முறை

சுரண்டுளியின் விளிம்புக் கோணம் கத்தியைப்போல் கூரியதன்று. மேல்முகத்திற்கும் சரிவுக்கும் இடையே 70 முதல் 80 பாகை வரை இருக்க வேண்டும். தீட்டும் படிகள் வருமாறு:

1. உளியின் மேல்முகத்தை எண்ணெய்க் கல்லில் தட்டையாக வைத்து இரண்டு மூன்று முறை தேய்த்துப் பழைய பிசிறை நீக்குக.

2. சரிவின் மீது மைப் பேனாவால் பூசுக. சாணை ஓடாத நிலையில், உளியை மேடையில் வைத்துச் சக்கரத்தைக் கையால் ஒரு முறை சுழற்றுக. மை மேலே மட்டும் அழிந்தாலோ கீழே மட்டும் அழிந்தாலோ மேடையின் சாய்வைத் திருத்துக. முழுச் சரிவிலும் மை அழியும் நிலையே சரியானது.

3. சாணையை ஓடவிட்டுச் சற்று ஒதுங்கி நின்று, அது சீராகச் சுழல்வதை உறுதி செய்துகொள்க. பின்னர் மேல்முகம் மேலே நோக்க உளியை மேடையில் தட்டையாக வைத்து, ஓரத்திலிருந்து ஓரம்வரை எங்கும் நிறுத்தாமல் மென்மையாக நகர்த்துக. இரண்டு மூன்று வீச்சுகள் போதும்.

4. மேல்முகத்தின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் கட்டைவிரலை மெல்ல வெளியே தள்ளிப் பாருங்கள். விரலில் சொரசொரப்பாகத் தட்டுப்படுவதே பிசிறு. விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டினால் தோல் அறுந்துவிடும்.

ஹைஸ்பீட் எஃகுக்கு வெள்ளை நிறச் சாணைச் சக்கரம் உகந்தது. சக்கரத்திற்கும் மேடைக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடலாகாது.

பிடிக்கும் முறை

நன்கு தீட்டிய உளியும் தவறாகப் பிடித்தால் ஆபத்தானது. உளியைத் தாங்கியின் மீது தட்டையாக வைத்து, கைப்பிடியை உயர்த்தி, நுனியைச் சற்றே தாழ்த்திப் பிடிக்க வேண்டும். நுனி மேல்நோக்கினால் மரம் அதைக் கவ்வி இழுக்கும்.

உட்புறம் கடையும்போது நுனி மையக்கோட்டிலோ சிறிது மேலேயோ இருக்கட்டும். வெளிப்புறத்தில் மையக்கோட்டிலோ சிறிது கீழேயோ இருக்கட்டும். இவ்வாறு அமைந்தால், உளி தற்செயலாகக் கீழே தள்ளப்பட்டாலும் மரத்தைவிட்டு விலகிவிடும், மரத்திற்குள் பாயாது. மெல்லியதாகிவிட்ட கிண்ண வாயில் சுரண்டுளியை வைக்கவே கூடாது. அங்கே சுவர் அதிர்ந்து கீச்சிடும். சில வேளைகளில் கிண்ணமே சிதறும். ஆகவே சுவர் தடிப்பாக இருக்கும்போதே வாய்ப்பகுதியை முடித்துவிட்டு, அடிப்பகுதியைப் பிறகு கவனிக்க வேண்டும்.

பாதுகாப்பே முதன்மை

முகக் கவசமும் தூசு மறைப்பும் அணியாமல் இயந்திரத்தை முடுக்காதீர்கள். கையுறை வேண்டாம், அது சுழலும் மரத்தில் சிக்கிக் கையையும் இழுத்துவிடும். பெண்கள் தாலிச் சங்கிலியை உடைக்குள் செருகி, வளையல்களைக் கழற்றி, கூந்தலை இறுக முடிந்துகொள்ள வேண்டும். ஆண்கள் தொங்கும் கைச்சட்டையை மடித்துவிடல் நன்று. இயந்திரத்தை ஓடவிடும் முன் கிண்ணத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொள்க. தாங்கியை நகர்த்த நேர்ந்தால் இயந்திரத்தை நிறுத்திய பின்னரே நகர்த்துக.

தனியே பழகுவதைவிட, நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு கடைசல் இயந்திரத்தையும் ஒரு சாணையையும் பகிர்ந்துகொண்டு, அனுபவமிக்க ஒருவரின் மேற்பார்வையில் பழகுவது செலவையும் ஆபத்தையும் குறைக்கும். முதல் வாரத்தில் கிண்ணம் செய்ய முயல வேண்டாம். மருந்தேற்றி உலர்த்திய சிறு துண்டுக் கட்டைகளில் தூள் எப்போது வருகிறது, சுருள் எப்போது வருகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பட்டையின் ஆழத்தை விரல் நுனியால் அறிந்த கைகளுக்கு அவ்வேறுபாடு விரைவில் புலனாகும். அது புலனான பின்னரே கிண்ணக் கட்டையை இயந்திரத்தில் ஏற்றுங்கள்.