கார்ட்டர் குடும்பத்தாரின் கிராமிய இசை

அமெரிக்காவிலே, வேர்ஜீனியா மலைச்சாரலிலிருந்து புறப்பட்ட மூவர் 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி பிரிஸ்டல் நகரில் இசைத்தட்டுக்காகப் பாடினார்கள். ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல் என்போரே அம்மூவர். மேபெல் அப்போது பதினெட்டு வயதுக் கர்ப்பிணி. இரண்டு நாளில் ஆறு பாடல்கள் பதிவாயின.

நேயர்களே, மேபெல் கிட்டார் வாசித்த முறை கவனித்தற்குரியது. பெருவிரலால் தடித்த நரம்புகளிலே மெட்டை மீட்டி, மற்ற விரல்களால் மேல் நரம்புகளை வருடித் தாளங் கொடுப்பார். பக்கவாத்தியமாயிருந்த கிட்டார் தானே பாடத் தொடங்கிற்று!

கார்ட்டரோ ஊரூராய்ச் சென்று பழம்பாடல்களைத் தேடினார். உடன்சென்ற லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கலைஞர் மெட்டுக்களை மனத்திலிருத்த, கார்ட்டர் சொற்களைக் குறித்துக்கொள்வார். ஆயினும் உரிமை கார்ட்டர் பெயரிலேயே பதிவாயிற்று. இது நியாயமென்று சொல்வதற்கில்லை.

இத்தகைய பயணங்களால் தனித்துப்போன சாரா, 1930களிலே கணவரைப் பிரிந்தார். பாட்டு மட்டும் பிரியவில்லை. 1938 முதல் மெக்சிக்கோ எல்லையிலிருந்த வானொலி நிலையமொன்றிலே மூவரும் சேர்ந்தே பாடினர். அமெரிக்கச் சட்டம் அனுமதியாத பெருவலு அந்நிலையத்துக்கிருந்தமையால், தொலைதூரப் பண்ணைவீடுகளிலும் அவர்கள் குரல் கேட்டது. 1943இல் குழு கலைந்தது. மேபெல் தம் புதல்வியர் மூவருடன் தொடர்ந்து பாடினார்; அவர்களுள் ஜூன் என்பவரே 1968இல் பாடகர் ஜானி காஷை மணந்தவர்.