அச்சுவாயின் வடிவமும் பொருளின் தரமும்
க.பொ.த. (சா/த) விஞ்ஞானம் – மேலதிக விளக்கம்

அறிமுகம்

முறுக்கு உரலிலே தட்டை மாற்றினால் அதே மா முறுக்காகவும் வரும், ஓமப்பொடியாகவும் வரும். இவ்வாறு குழைந்த பொருளொன்றை அமுக்கி, துவாரமொன்றினூடாக வெளியே தள்ளி உருவங்கொடுக்கும் முறை பிதுக்கல் எனப்படும். 1797 இல் ஜோசப் பிரமா என்ற ஆங்கிலேயர் ஈயக் குழாய் செய்ய இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பீ.வீ.சி. குழாய், மின்கம்பியின் காப்புறை, துளைச் செங்கல் ஆகியன இம்முறையிலேயே செய்யப்படுகின்றன. வன்னியில் ஒட்டுசுட்டானில் அமைக்கப்பட்ட அரச ஓட்டுத் தொழிற்சாலையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பொறியில் ஓடு செய்யும்போது களிமண் முதலில் பட்டையாகப் பிதுக்கப்பட்டு, பின்னரே அச்சில் அழுத்தப்படுகின்றது.

அச்சுவாய் உருவத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. பொருளின் ஒவ்வொரு பகுதியும் எந்த வேகத்தில் வெளிவரும் என்பதையும் அதுவே தீர்மானிக்கின்றது. வேகம் சமமாக இல்லாவிடின் பொருள் வளையும், வெடிக்கும், பிளக்கும்.

1. வழியின் அகலமும் நீளமும்

சுவரை ஒட்டிய பகுதி உராய்வினால் பின்தங்கும், நடுப்பகுதி முந்தும். தேன் போன்ற பிசுக்குமையுள்ள திரவமொன்றுக்கு, அமுக்கமும் நீளமும் மாறாதிருக்க, வழியின் ஆரையை அரைவாசியாக்கினால் பாயும் அளவு 16 இல் ஒரு பங்காகக் குறையும். வழியின் நீளத்தை இருமடங்காக்கினால் அதே அளவு பாய இருமடங்கு அமுக்கம் வேண்டும். உருகிய பிளாஸ்ரிக்கும் களிமண்ணும் இவ்விதியை அப்படியே பின்பற்றா. எனினும் ஒடுங்கிய, நீண்ட வழி கூடிய தடையைத் தரும் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

2. நுழைவாயில்

அகன்ற உருளையிலிருந்து சிறு துவாரத்துக்குத் திடீரென வழி ஒடுங்கினால் மூலைகளில் பொருள் தேங்கும். தேங்கிய பீ.வீ.சி. நெடுநேரம் சூடேறிப் பழுதடைந்து நிறம் மாறும். எனவே வழி புனல்போலப் படிப்படியாக ஒடுங்க வேண்டும்.

3. பல்பகுதியங்கள் (பிளாஸ்ரிக்)

பல்பகுதியத்தின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒடுங்கிய வழியில் இழுபட்டு நீளும். வெளியே வந்ததும் மீண்டும் சுருள முயலும். ஆகவே வெளிவரும் கோல் துவாரத்திலும் பருமனாகப் புடைக்கும். வழியின் இறுதிப் பகுதி நீளமாயின் மூலக்கூறுகள் தளர்வதற்கு நேரம் கிடைக்கும், புடைப்பும் குறையும்.

குழாய் செய்யும்போது நடுவிலுள்ள தண்டைச் சில கால்கள் தாங்கி நிற்கும். உருகிய பிளாஸ்ரிக் அக்கால்களைச் சுற்றிப் பிரிந்து மீண்டும் சேரும். சேர்ந்தபின் போதிய நீளமும் அமுக்கமும் கிடையாவிடின் அந்த இடம் நன்றாக ஒட்டாது. தோட்டத்துக்கு நீர் இறைக்கும்போது அத்தகைய குழாய் அக்கோட்டின் வழியே நீளவாக்கில் பிளக்கும்.

4. களிமண்

களிமண் துணிக்கைகளும் நீரும் சேர்ந்த கலவை. அது பெரும்பாலும் ஒரே கட்டியாக வழுக்கிச் செல்லும். சுவரோரத்து மெல்லிய நீர்ப்படையே அதற்கு எண்ணெய்போல் உதவும். ஆனால் கூரிய மூலைகளில் இரு பக்கமும் சுவர் பிடிப்பதால் மண் பின்தங்கி, ஓரம் பற்கள்போலக் கிழியும். நட்சத்திரத் துவாரத்தில் பிழிந்த முறுக்கின் முட்களும் இவ்வாறே உண்டாகின்றன. முறுக்குக்கு அது அழகு. செங்கல்லுக்கு அது குறை. ஒரு பக்கம் மெதுவாக வந்த பட்டை வளையும். உள்ளே ஏற்பட்ட இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், உலர்த்தும்போதும் சுடும்போதும் வெடிப்பாக வெளிப்படும். அத்தகைய ஓட்டினால் மழைநீர் வீட்டினுள் ஒழுகும்.

நினைவிற் கொள்க

• பிளாஸ்ரிக்: வெளிவந்தபின் புடைக்கும்.
• களிமண்: மிகச் சிறிதளவே புடைக்கும்; மூலைகளில் கிழியும்.
• இரண்டுக்கும்: படிப்படியான ஒடுக்கமும் சமவேகமும் வேண்டும்.

மாதிரி வினா

சதுரத் துவாரத்தினூடாக வெளிவந்த பிளாஸ்ரிக் கோலின் பக்கங்கள் வெளிநோக்கிப் புடைத்திருந்தன.
(அ) காரணம் யாது?
(ஆ) துவாரத்தில் செய்யவேண்டிய மாற்றம் யாது?

விடை

(அ) இழுபட்ட மூலக்கூறுகள் வெளியே வந்ததும் மீளச் சுருங்க முயல்கின்றன. பக்கங்களின் நடுப்பகுதி மூலைகளைவிடக் கூடுதலாகப் புடைக்கின்றது.
(ஆ) துவாரத்தின் பக்கங்களைச் சற்று உள்நோக்கி வளைத்து அமைத்தல். அப்போது புடைப்பின் பின்னர் பக்கங்கள் நேராகும்.

“துவாரம் சதுரமாயின் பொருளும் சதுரமாகும்” என்று எழுதுவது தவறு. காரணத்தையும் சேர்த்தே எழுதப் பழகுங்கள்.