படத்துக்குப் பக்கத்தில் எழுதுவது கையாலா, கணினியாலா?

பழைய ஆல்பத்தைப் புரட்டும்போது எந்த வீட்டிலும் எழும் கேள்வி, "இது யாரு?" என்பதுதான். பதில் சொல்ல ஓர் அத்தையோ பெரியப்பாவோ பக்கத்தில் இருந்தால் கவலையில்லை. அந்தப் பெண் எந்த ஊரிலிருந்து வாழ வந்தவள், பின்னால் நிற்கும் கார் யாருடையது, எல்லோரும் ஏன் இப்படி விறைப்பாக நிற்கிறார்கள் என்று கதையே வந்துவிடும். அவர்கள் காலத்துக்குப் பிறகு அதே படத்தில் முகங்கள் மட்டுமே மிஞ்சும். இந்த இழப்பைத் தடுக்கும் கைவினைதான் ஸ்கிராப்புக். புகைப்படம், பயணச்சீட்டு, அழைப்பிதழ், பள்ளிக்கூட ரேங்க் கார்டு என்று வீட்டில் சேர்ந்தவற்றைத் தடித்த தாளில் அழகாக ஒட்டி, பக்கத்திலேயே அவற்றின் கதையையும் எழுதி வைக்கிறார்கள். இந்த எழுத்துப் பகுதிக்கு ஜர்னலிங் என்று பெயர்.

வெட்டி ஒட்டும் பழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டுக்கு வீடு இருந்தது. எழுத்தாளர் மார்க் ட்வைன் இதில் பெரும் ஈடுபாடு கொண்டவர். பசை தடவி உலர்த்திய பக்கங்கள் கொண்ட ஆல்பம் ஒன்றை உருவாக்கி 1873-இல் காப்புரிமையே வாங்கினார். பக்கத்தை ஈரப்படுத்தினால் போதும், ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கு நாம் பார்க்கும் வடிவம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்தது. மேரிலென் கிறிஸ்டென்சன் என்ற பெண்மணி தம் குடும்பத்துக்காகத் தயாரித்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளை 1980-இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில் காட்சிக்கு வைத்தார். மறு ஆண்டே ஸ்பானிஷ் ஃபோர்க் என்ற ஊரில் கணவரோடு சேர்ந்து இதற்கென்றே ஒரு கடை திறந்தார். வம்சாவளியைத் தேடிப் பதிவுசெய்வதைச் சமயக் கடமையாகவே கருதும் மார்மன் சபையினர் நிறைந்த பகுதி அது. அங்கே இந்தக் கலை வேகமாகப் பரவியதில் வியப்பில்லை.

அதே பத்தாண்டுகளில்தான் அச்சு இயந்திரமும் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. 1977-இல் ஜப்பானின் கேனான் நிறுவன ஆய்வுக்கூடத்தில், மை நிரப்பிய ஊசிமுனையில் சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட்டது. மை சீறித் தெறித்தது. அதைப் பார்த்த இச்சிரோ எண்டோ, வெப்பத்தாலேயே மையைத் துளித்துளியாகத் துப்ப வைக்கலாம் என்று கண்டுகொண்டார். இன்றும் பல இங்க்ஜெட் பிரிண்டர்களின் உள்ளே நடப்பது இதுதான். முடியைவிட மெல்லிய துளைகளுக்குப் பின்னால் இருக்கும் சின்னஞ்சிறு சூடேற்றிகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மையில் ஆவிக்குமிழி எழுப்புகின்றன. குமிழி ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. எச்.பி. நிறுவனத்தின் திங்க்ஜெட் 1984-இல் இந்த முறையைப் பலருக்கும் எட்டும் விலையில் கொண்டுவந்தது. ஸ்கிராப்புக் செய்பவர்களுக்குக் குழப்பமும் கூடவே வந்தது. கதையைக் கையால் எழுதுவதா, கணினியில் தட்டி அச்சிடுவதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட கதையை அச்சிடுங்கள். பெயர், தேதி, ஓரிரு வரி அன்பு, வாழ்த்து ஆகியவற்றைக் கையால் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுதச் சம்மதித்தால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து அவரையே எழுதச் சொல்லுங்கள்.

கையெழுத்து என்பது செய்தியைச் சுமக்கும் வண்டி மட்டும் அன்று, அதுவே ஓர் ஆவணம். புகைப்படம் முகத்தைப் பதிவதுபோல் கையெழுத்து ஒருவரின் கையசைவைப் பதிகிறது. எந்த இடத்தில் அழுத்தினார், எங்கே பேனாவைத் தூக்கினார், வயதான பிறகு எந்த எழுத்தின் சுழி நடுங்கியது என்பதெல்லாம் தாளில் நிற்கும். தமிழ்க் கையெழுத்தில் இன்னும் ஒன்று உண்டு. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவருவதற்கு முன் பள்ளியில் படித்தவர்கள் பலர், பிற்பாடும் லை, ளை, ணை, னை ஆகியவற்றுக்கு யானைத் தும்பிக்கை போன்ற கொம்பை மேலே வளைத்துத்தான் எழுதினார்கள். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் துணைக்கால் தனியாக நிற்காது. எழுத்தோடு சேர்த்துச் சுழித்த வடிவம்தான். பாட்டியின் கடிதத்தில் 'பிள்ளை' என்ற ஒரு சொல்லைப் பார்த்தாலே அவர் எந்தக் காலத்தில் பள்ளிக்குப் போனவர் என்று ஊகித்துவிடலாம். அதையே கணினியில் தட்டி அச்சிட்டால், நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் எழுத்துருக்களில் அந்தக் கொம்பு காணாமல் போய்விடும். சொன்ன செய்தி மாறாது, ஆனால் சொன்னவர் பாதி மறைந்துவிடுவார்.

அதற்காகக் கணினியைத் தாழ்த்திப் பேசுவது நியாயமில்லை. "என் கையெழுத்து கோழிக் கிறுக்கல்" என்று சொல்லி, படங்களை ஒட்டி, எழுதவேண்டிய இடத்தை வெற்றாகவே விட்டுவிடுபவர்கள் ஏராளம். அப்படி வெற்றாக விடுவதைவிட அச்சு ஆயிரம் மடங்கு மேல். தட்டச்சு செய்யும்போது மனிதர்கள் தாராளமாகவும் எழுதுகிறார்கள். கையால் "ஊட்டி, மே மாதம்" என்று நிறுத்திக்கொள்பவர், விசைப்பலகை முன் உட்கார்ந்தால் மலை ரயிலில் குழந்தை வாந்தி எடுத்தது முதல் அறை கிடைக்காமல் அலைந்தது வரை சொல்லிவிடுவார். தப்பை அழிக்கலாம், திருத்தலாம், நான்கு பிள்ளைகளின் ஆல்பத்துக்கும் நான்கு படி எடுக்கலாம். சின்ன இடத்தில் நிறைய அடைக்கவும் முடியும். தமிழில் மட்டும் ஓர் எச்சரிக்கை: எழுத்தளவை 10 புள்ளிக்குக் கீழே இறக்கினால் ண, ஞ, இ ஆகியவற்றின் சுழிகள் மையில் மூடிக்கொள்ளும். வயதானவர்கள் படிக்கும் ஆல்பம் என்றால் 12-க்குக் குறைய வேண்டாம்.

அழகைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இதை முடிவுசெய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஐம்பது ஆண்டு கழித்து அந்த எழுத்து தாளில் இருக்குமா? இதற்குப் பதில் கையிலும் இல்லை, கணினியிலும் இல்லை, மையில் இருக்கிறது.

மையில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. சாய மையில் நிறப்பொருள் தண்ணீரில் முழுக்கக் கரைந்திருக்கும். ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியாக நிற்பதால் வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஓசோனும் எளிதில் உடைத்துவிடும். தண்ணீர் பட்டால் மறுபடி கரைந்து ஓடும். நிறமி மையில் நிறப்பொருள் கரையாத நுண்துகள்களாக மிதக்கிறது. ஒரு துகளுக்குள் ஏராளமான மூலக்கூறுகள் அடைந்து கிடக்கும். மேலே இருப்பவை வெளுத்தாலும் உள்ளே இருப்பவை நிறத்தைக் காக்கும். கறுப்பு நிறமி பெரும்பாலும் கரித்தூள்தான். கரி ஒளிக்கு அசைவதில்லை. ஓலைச்சுவடியில் கீறிய எழுத்தின் மேல் நம் முன்னோர் தடவியதும் விளக்குக் கரிதான்.

இந்தக் கண்ணோடு பேனா டப்பாவைப் பாருங்கள். பள்ளியில் ஊற்றிக்கொண்ட நீல மை சாயம். பெரும்பாலான பால்பாயின்ட் பேனாவிலும் சாயமே. பழைய நீலக்கறுப்பு மைகளில் பல, இரும்பு உப்பும் கடுக்காய் போன்றவற்றில் இருக்கும் துவர்ப்புப் பொருளும் சேர்ந்து ஆனவை. அவை வெளுக்காமல் நிற்கும், ஆனால் அவற்றின் அமிலம் நாளடைவில் தாளையே அரித்துவிடும். ஆல்பத்துக்கு ஏற்றது நிறமி மைப் பேனா. ஜப்பானின் சகுரா நிறுவனம் 1982-இல் கொண்டுவந்த பிக்மா மை இந்த வகையில் பெயர் பெற்றது. ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் பிக்மா மைக்ரான் என்று கேட்டால் தருவார்கள். அதில் 05 என்று போட்டிருப்பது 0.45 மி.மீ. கோடு இழுக்கும், 01 என்பது 0.25 மி.மீ. ஆங்கிலத்துக்கு 05 பொருந்தும். தமிழின் சுழிகளுக்கு 01 அல்லது 03 நல்லது.

பிரிண்டரிலும் இதே கணக்கு. வீட்டு இங்க்ஜெட்கள் பலவற்றில் கறுப்பு நிறமி மை, வண்ணங்கள் சாய மை. சிலவற்றில் நான்குமே சாயம். எது என்று மைப் புட்டியின் அட்டையிலோ நிறுவனத்தின் விவரக் குறிப்பிலோ இருக்கும். அழகுக்காகப் பழுப்பிலோ மயில்நீலத்திலோ கதையை அச்சிட்டால் அது சாயத்தில் போய்ச் சேரக்கூடும் என்பதால், கதைக்குச் சுத்தக் கறுப்பே போதும். தாள் வகையைப் 'போட்டோ தாள்' என்று தேர்ந்தெடுத்தால் சில இயந்திரங்கள் நிறமிக் கறுப்பை ஒதுக்கிவிட்டு வண்ண மைகளைக் கலந்தே கறுப்பு உண்டாக்கும். அதனால் 'சாதாரணத் தாள்' என்றே வைத்துக்கொள்ளுங்கள். லேசர் பிரிண்டரும் ஜெராக்ஸும் மையே பயன்படுத்துவதில்லை. கரித்தூள் கலந்த பிளாஸ்டிக் பொடியைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டுகின்றன. வெயிலுக்கும் தண்ணீருக்கும் அது அஞ்சாது. அதன் எதிரி பி.வி.சி. உறைதான். அந்த உறையை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் பொடியையும் இளக்கிவிட, நம் ஊர்ச் சூட்டில் எழுத்து உறையிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை என்றால் அந்தப் பயம் இல்லை.

கையில் இருக்கும் பேனாவும் பிரிண்டரும் எப்படி என்று தெரியாவிட்டால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே தாளில் ஒவ்வொரு பேனாவாலும் ஒரு வரி எழுதுங்கள், பிரிண்டரிலும் ஒரு வரி எடுத்து வெட்டி ஒட்டுங்கள். பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் நேரே விழும் ஜன்னலின் உட்புறம் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் வைத்துவிடுங்கள். அட்டையை எடுத்ததும் எந்த வரி இரண்டு நிறமாகிவிட்டது என்று பளிச்சென்று தெரியும். பிறகு ஒவ்வொரு வரியின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர். நீலமாகவோ ஊதாவாகவோ படர்ந்து கசியும் பேனாவை மளிகைக் கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

தாளைப் பற்றிச் சுருக்கமாக. மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருளும் பழைய தயாரிப்பு முறையில் தங்கிவிடும் அமிலமும்தான் செய்தித்தாளை மஞ்சளாக்குகின்றன. அமிலமற்ற, லிக்னின் இல்லாத தாள் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். 1980-90-களின் நம் கல்யாண ஆல்பங்களில் பிசுபிசுப்பான அட்டை மேல் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடுவார்களே, அந்தப் பசையும் பிளாஸ்டிக்கும் படங்களுக்குக் கெடுதல். அந்தப் படங்களை இப்போதே பொறுமையாகப் பிரித்து எடுப்பது நல்லது. புகைப்படத்துக்கு அருகே வைக்கும் பொருட்களுக்கென ஐ.எஸ்.ஓ. 18916 என்று ஒரு சோதனை இருக்கிறது. 70 டிகிரி வெப்பத்திலும் 86 சதவீத ஈரப்பதத்திலும் 15 நாள் வைத்துப் பார்ப்பார்கள். அதில் தேறியதாகக் குறிப்பிட்ட தாளையும் பசையையும் நம்பலாம்.

இரண்டு முறையையும் கலக்கும் வழிகளே எனக்கு அதிகம் பிடித்தவை. ஸ்கிராப்புக் பக்கம் பெரும்பாலும் 12 அங்குலச் சதுரம், வீட்டு பிரிண்டரில் நுழையாது. எனவே கதையை ஏ4 அளவு அமிலமற்ற தாளில் அச்சிட்டு, வெட்டி ஒட்டி, அதன் அடியில் தேதியையும் பெயரையும் பேனாவால் எழுதுகிறார்கள். கோணலாகப் போகும் என்று கைக்குப் பயந்தவர்கள், வாசகத்தை மிக வெளிறிய சாம்பல் நிறத்தில் அச்சிட்டு அதன் மேலேயே பேனாவை ஓட்டலாம். வரி நேராக வரும், எழுத்து உங்களுடையதாகவே இருக்கும். பக்கத்தின் மேல் நேரடியாக எழுதாமல் தனித் துண்டில் எழுதி ஒட்டினால், ஒரு எழுத்துப் பிழைக்காகப் பக்கம் முழுவதும் வீணாகாது.

பெரியவர்களை எழுதவைக்கும்போது ஆல்பத்தையே அவர்கள் முன் விரிக்காதீர்கள், கெட்டுவிடுமோ என்று கை தயங்கும். அமிலமற்ற தாளை வெட்டி, பென்சிலால் லேசாகக் கோடு போட்டு, 03 பேனாவோடு கொடுங்கள். "ஏதாவது எழுதுங்க" என்றால் "நல்லா இருங்க" என்று முடித்துவிடுவார்கள். "தாத்தா, இந்தப் படம் எடுத்த அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் பேனா நகரும். கை நடுக்கம் அதிகமாகி எழுத முடியாதவர் என்றால், அவர் சொல்வதைத் திறன்பேசியில் பதிந்து, அவர் பேசிய நடையிலேயே தட்டி, 14 புள்ளியில் அச்சிட்டு வாசித்துக் காட்டுங்கள். திருத்தம் சொல்வார், அதையும் சேருங்கள். அச்சிட்ட தாளின் அடியில் கையொப்பம் மட்டும் அவரே போடட்டும்.