ரான்சம்வேர்: இற்றைப்படுத்தலும் காப்புப்படியும்

கணினிக் கோப்புகளைக் குறியாக்கம் செய்து முடக்கி, அவற்றை விடுவிக்கப் பணம் கோரும் தீநிரல் ரான்சம்வேர் எனப்படும். 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை என்னும் தீநிரல், விண்டோஸ் கோப்புப் பகிர்வு நெறிமுறையின் குறையைப் பயன்படுத்தி, பயனர் எதையும் சொடுக்காமலேயே வலையமைப்பிலுள்ள பிற கணினிகளுக்குத் தொற்றியது. சென்னையை அடுத்த ஒரகடத்திலுள்ள ரெனால்ட்-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டது. ஆயினும், ஆதரவிலிருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடைப்பட்ட 59 நாள்களில் அதனை நிறுவிய கணினிகள் இவ்வழித் தொற்றிலிருந்து தப்பின.

ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்கூடங்களுக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் இப்பாடம் பொருந்தும். இற்றைப்படுத்தல் தொற்றைத் தடுக்கும். தொற்றியபின் உதவுவது காப்புப்படியே. கணினியுடன் எப்போதும் இணைந்திருக்கும் வன்தட்டு மூலக்கோப்புகளோடு சேர்ந்தே முடங்கக்கூடும். நகலெடுத்தபின் கழற்றிவைக்கப்படும் வன்தட்டே களப்பதிவுகளையும் ஆய்வேட்டையும் மீட்டுத்தரும்.