மதியத்தில் இலை சுருட்டும் மக்காச்சோளம்

ஐப்பசி மழை பத்து நாள் தள்ளிப்போன ஒரு மதியம், பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டைக்குப் போகும் வழியில் மக்காச்சோளக் காட்டருகே நின்று பாருங்கள். காலையில் அகலமாக விரிந்திருந்த இலைகள் உள்பக்கமாகச் சுருண்டு, வெங்காயத் தாள் மாதிரி நிற்கும். வெயில் தாழ்ந்ததும் மறுபடி விரிந்துகொள்ளும். பயிர் போய்விட்டதே என்று பதற வேண்டாம். இருக்கும் தண்ணீரை அது சிக்கனமாகச் செலவழிக்கிறது.

ஆடு மாடு வெயில் தாங்காவிட்டால் நிழலுக்குப் போகும். முளைத்த இடத்திலேயே வாழ வேண்டிய செடி தன்னைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். மக்காச்சோள இலையின் மேல்தோலில் பெரிய செல்கள் வரிசையாக இருக்கின்றன. தண்ணீர் நிறைந்திருந்தால் அவை உப்பி இலையை விரித்துப் பிடிக்கும். தண்ணீர் குறைந்தால் சுருங்கும், இலையும் சுருண்டுவிடும். வெயிலும் காற்றும் படும் பரப்பு குறைவதால் ஈரம் ஆவியாவதும் குறைகிறது. மண் காயக் காய, செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி இலைத்துளைகளை மூடவைக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. தண்ணீர் வெளியேறும் அதே துளை வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே போக வேண்டும். துளை மூடினால் இலையில் உணவு தயாராவதும் குறையும். பகலில் சில மணி நேரம் என்றால் செடி சமாளிக்கும். பொழுது விடியும்போதும் இலை சுருண்டே இருந்தால், இரவு முழுக்க உறிஞ்சியும் வேருக்குப் போதிய ஈரம் கிடைக்கவில்லை என்று பொருள். கிணற்றில் தண்ணீர் இருந்தால் உடனே பாய்ச்ச வேண்டிய நாள் அது.

கரிசல் மண்ணில் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அது நிறைய ஈரம் பிடித்துவைக்கும். ஆனால் அதில் ஒரு பங்கைக் களித்துகள்கள் வேருக்குக் கொடுக்காமல் இறுக்கி வைத்துக்கொள்ளும். மேலும் காய்ந்தால் நிலம் பாளம் பாளமாக வெடித்து மெல்லிய வேர்களையும் அறுத்துவிடும்.

பூக்கும் சமயம்

விதைத்த 50, 60 நாளில் வரும் வறட்சிதான் மகசூலை அதிகம் பாதிக்கும். கதிரின் நுனியில் தொங்கும் ஒவ்வொரு பட்டிழையும் ஒரு மணிக்கு உரியது. ஈரம் இல்லாவிட்டால் இழை வளர்ந்து வெளியே வரத் தாமதமாகும். உச்சிப் பூவோ அதற்குள் மகரந்தத்தைக் கொட்டி முடித்துவிடும். அறுவடையில் தோகையை உரித்தால் கதிர் பொக்கையாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

பருத்தி வேறு வழியில் போகிறது. ஈரம் குறைந்தாலும், மழை கூடி வேரில் தண்ணீர் நின்றாலும், சப்பையையும் பிஞ்சையும் கொட்டிவிடும். எல்லாவற்றையும் வளர்க்க முடியாதபோது, முடிந்ததை மட்டும் வைத்துக்கொள்கிறது. அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் செம்மண்ணில் நிற்கும் முந்திரியோ வேரை ஆழமாகவும் அகலமாகவும் ஓட்டி, தோல் போன்ற தடித்த இலையால் ஈரத்தைக் காத்துக்கொள்கிறது.

புழு கடித்தால்

2018-ல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு, அந்தப் பருவத்திலேயே பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மக்காச்சோளத்தைக் குருத்துக்குள் புகுந்து தின்றது. அப்போதும் செடி சும்மா இருப்பதில்லை. 1990-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, படைப்புழுவுக்கு நெருங்கிய உறவான ஒரு புழுவை மக்காச்சோள நாற்றில் விட்டுப் பார்த்தது. கடிபட்ட செடி சில மணி நேரத்தில் தனி வாசனையை வெளிவிட்டது. புழுவின் உடலில் முட்டையிடும் சிறு குளவிகள் அதை மோப்பம் பிடித்து வந்தன.

கண்டபடி மருந்தடித்தால் அந்தக் குளவிகளும் சாகும். வரப்பில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி போடச் சொல்வது, இத்தகைய நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தேனும் தங்க இடமும் கிடைக்கத்தான்.

செடி தன்னால் ஆனதைச் செய்துகொண்டே இருக்கிறது. அதன் எல்லை எங்கே முடிகிறதோ அங்கேதான் நம் உதவி தேவை. அதைத் தெரிந்துகொள்ள நாளை விடியற்காலையில் காட்டுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் இலையைப் பாருங்கள்.